மீதி மூன்று சதவீதம்

"அவரையே வரச் சொல்லுங்க சார். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்க முடியும்."

கூரியர்காரர் வாசலில் நின்றபடி சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி. அதில் நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்த ஒரு பெட்டி. பெட்டிமேல் 'பெறுபவர்' என்ற இடத்தில் ஒட்டியிருந்தது அப்பாவின் பெயர்.

"அவர் வர முடியாதுங்க," என்றான் மகன்.

"வெளியூரா? நாளைக்கு வரட்டுமா?"

"இறந்துட்டார். பெட்டியில இருக்கறது அவரோட கல்லறைக் கல்."

கூரியர்காரர் ஐம்பது வயது தாண்டியவர், நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப வருத்தமான விஷயம் என்றார். எத்தனை வயது, என்ன நோய் என்று விசாரித்தார். பிறகு தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, ஆனால் மெஷின் ஒத்துக்கொள்ளாது என்றார். பெறுபவர் யாரோ அவர்தான் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கனமான சரக்குக்கு அதுதான் சட்டம்.

மகன் உள்ளே ஓடி இறப்புச் சான்றிதழை எடுத்து வந்தான். கூரியர்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பி, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"இதுல அவர் கையெழுத்து இல்லையே சார்."

தள்ளுவண்டி கடகடவென்று திரும்பிப் போனது. அப்பாவின் முதல் நினைவு நாளுக்கு அப்போது இன்னும் பதினொரு நாள் இருந்தது.

தப்பு மகனுடையதுதான். கல் செதுக்கும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் 'பெயர்' என்று கேட்ட இடத்தில், கல்லில் பொறிக்க வேண்டிய பெயர் என்று நினைத்து அப்பாவின் பெயரை அடித்தான். கீழே 'பெறுபவர்' என்று கேட்டதற்கு 'மேலே உள்ளவரே' என்று தட்டிவிட்டான். குடிநீர் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக விண்ணப்பங்களைப் பிழை பார்த்துத் திருப்பி அனுப்பும் குமாஸ்தா அவன். சொந்த விண்ணப்பத்தில் கோட்டை விட்டான்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே முப்பத்து நான்கு வருஷம் உழைத்தவர். அவருக்குப் பிறந்த ஒரே மகனோ, டாக்டர் சொன்ன நாளுக்குப் பதினாறு நாள் கழித்துப் பிறந்தான். "வெளிய வரலாமா வேணாமான்னு உள்ளயே உக்காந்து யோசிச்சிருக்கான்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். பள்ளிக்கூடம், பரீட்சை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவன் தாமதம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தேடிப் பெண் வீட்டார் தெருமுனை வரை வந்தார்கள். அந்தப் பெண் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரிந்து போய்விட்டாள். அது வேறு கதை.

கல்லறையில் இப்போதைக்கு ஒரு தகர அட்டைதான் குத்தி வைத்திருந்தார்கள். அதில் 'நாற்பத்தேழு' என்று எண் மட்டும் இருந்தது. அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"வாழ்நாள் பூரா பஸ்ஸுக்கு நம்பர் எழுதின மனுஷன். கடைசியில அவருக்கே நம்பர் மாட்டி நிறுத்தி வச்சிருக்கே."

நினைவு நாளுக்கு மறுநாள் அம்மா விமானம் ஏறுகிறாள். கடல் தாண்டி இருக்கும் மகனின் அக்காவோடு இனி இருக்கப்போகிறாள். எழுபது வயதில், ஓட்டை இதயத்தோடு போகிறவள் திரும்பி வரப்போவதில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போவதற்கு முன் அவர் பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது.

மகன் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டான். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பொறுமைக்கு நன்றி என்றாள். பெறுபவர் பெயரை வாடிக்கையாளரே இணையத்தில் மாற்றிக்கொள்ளலாம், ரொம்பச் சுலபம், இரண்டே நிமிஷ வேலை என்றாள்.

அவன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தான். அது திறக்கவில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'அப்டேட் நடக்கிறது. அணைக்க வேண்டாம்' என்றது திரை.

காலையில் நான்கு சதவீதம். மத்தியானம் முப்பத்தொன்று. அவன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முறைத்துப் பார்த்தால் பால் பொங்காது என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். சாயங்காலம் தொண்ணூற்றேழுக்கு வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு மணி நேரமாகியும் தொண்ணூற்றேழுதான்.

அந்த எண்ணை அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் அதே எண்ணுக்கு எதிரேதான் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். மாத அறிக்கை கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. முடியும்வரை நகரக் கூடாது என்று மேலதிகாரி உத்தரவு. அப்போதுதான் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, கிளம்பி வா என்றாள். அவன் திரையைப் பார்த்தான். தொண்ணூற்றேழு. இன்னும் மூன்றுதானே என்று நினைத்தான். அந்த மூன்றுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அவன் ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி மூச்சிரைக்கப் போய் நின்றபோது, அப்பாவின் மூச்சு நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "உக்காரு" என்றாள். அவ்வளவுதான். இந்த ஒரு வருஷத்தில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றாத நாளில்லை. கல்லாவது நேரத்துக்கு வந்துவிட்டால் கொஞ்சம் தலை நிமிரலாம் என்று நம்பினான்.

இப்போது அவன் எழுந்து போய் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினான். அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை ஒரு வருஷம் தாமதமாகச் செய்தான்.

திரும்பச் சொருகியதும் திரையில் வட்டம் சுற்றியது. பூஜ்ஜியம் சதவீதம் என்றது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் மத்தியானம் ஒருவழியாகத் திரை திறந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கல் கம்பெனியின் பக்கத்துக்குப் போனான். பெயரை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்துத் தன் பெயரை இனிஷியலோடு அடித்தான். அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு கட்டம் முளைத்தது. அப்டேட்டை முடிக்க இன்னும் முப்பது விநாடியில் அணைந்து திரும்பத் துவங்கும் என்றது. இருபத்தெட்டு, இருபத்தேழு என்று எண்ண வேறு ஆரம்பித்தது. கல் கம்பெனியோ கேள்வி மேல் கேள்வி கேட்டது. படிக்க ஏது நேரம்? எல்லாவற்றுக்கும் 'ஆம்', 'ஆம்', 'ஆம்' என்று தட்டினான். 'மாற்றப்பட்டது, நன்றி' என்று வந்தது. திரை கறுத்தது. வாழ்க்கையில் ஒரு தடவை முந்திக்கொண்டோம் என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னான். அவள் "கல்லு வரட்டும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கல் எங்கே வருகிறது என்று பார்த்தான். 'தயாரிப்பில் உள்ளது' என்றிருந்தது.

செதுக்கி, பெட்டி கட்டி, வாசல்வரை வந்துபோன கல் எப்படித் திரும்பத் தயாரிப்புக்குப் போகும்? மறுபடி ஃபோன், மறுபடி புல்லாங்குழல். பொறுமைக்கு நன்றி என்று ஆரம்பித்தவள், எங்கள் சிஸ்டத்திலும் அப்டேட் நடக்கிறது சார், அதனால் பழைய நிலவரத்தைக் காட்டுகிறது, கவலையே வேண்டாம் என்றாள். கவலை வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவனுக்குக் கவலை கூடியது.

நினைவு நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பொறுக்க முடியாமல் கூரியர் கிடங்குக்கே நேரில் போனான். நீளமான தகரக் கொட்டகை. மூன்று பெஞ்சு நிறைய ஆட்கள். முடி வளரும் தைலத்துக்காக இரண்டு மாதமாக அலைகிற ஒருவர், தைலம் வருவதற்குள் மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று தலையைக் குனிந்து காட்டினார். கல்யாண உடைக்காக வந்த பெண்ணிடம் என்றைக்குக் கல்யாணம் என்று கேட்டான். போன வாரம் முடிந்துவிட்டது என்றாள். பிறகு எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

கவுண்டரில் இருந்த அம்மையார் தன் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். நீலத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா, தகர அட்டை, அம்மாவின் விமானம் எல்லாவற்றையும் சொன்னான். பெஞ்சிலிருந்தவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மையார் பேனாவை எடுத்து, ஒரு தாளில் கையாலேயே புகார் எழுதினார். இறந்தவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றால் எப்படி, இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று எழுதி, 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் கோடு போட்டார்.

"மேலிடத்துக்கு அனுப்பறேன். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க," என்றார். "உங்க கல்லையும் அவசரத்துல போட்டுட்டேன். நினைவு நாளுக்கு முந்தின நாள் கட்டாயம் வந்துரும்."

வந்தது. சொன்ன நாளில், சொன்ன மூன்று மணிக்கு, அதே கூரியர்காரர் அதே தள்ளுவண்டியோடு வந்து நின்றார். மகன் காலையிலிருந்தே அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இருந்தான். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. கூரியர்காரர் மெஷினையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேர் சரியா இருக்கு சார் என்றார். அந்த வார்த்தையைக் கேட்கப் பத்து நாள் ஆகியிருந்தது. பிரித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவரே சுத்தியலால் சட்டத்தைப் பெயர்த்தார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தாள். கல் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. ஒட்டியிருந்த மரத்தூளை உள்ளங்கையால் துடைத்தாள். விரலை வைத்து முதல் எழுத்தைத் தடவினாள். அது அப்பாவின் பெயருடைய முதல் எழுத்து. சரியாகத்தான் இருந்தது. அதை அடுத்து ஒரு புள்ளி.

புள்ளிக்கு அப்புறம் மகனின் பெயர் முழுசாக இருந்தது.

கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் அப்பாவுடையவை. அந்தக் கணக்கின்படி மகன் போய்ச் சேர்ந்து நாளையோடு ஒரு வருஷம். அன்றைக்குக் கம்ப்யூட்டர் கேட்ட கேள்விகள் என்னென்ன என்று அவனுக்கு இப்போது புரிந்தது. எந்தெந்த இடத்தில் பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அவன் எல்லா இடத்திலும் 'ஆம்' என்றிருக்கிறான். அவர்களும் நல்ல கல்லைத் திரும்ப வாங்கி, இழைத்து, புதுசாகச் செதுக்கி அனுப்பிவிட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் பக்கம் பக்கமாக எழுதி வைத்த மனிதருக்கு அந்தக் கல்லில் ஒரே ஒரு எழுத்துதான் மிஞ்சியது.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சிடும்மா. அன்னிக்கும் நான்..."

அவள் விரல் அந்த முதல் எழுத்தின் மேலேயே இருந்தது.

கூரியர்காரருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையெழுத்துக்காக மகனிடம் மெஷினை நீட்டியவர், கல்லைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். கல்லுல யார் பேரு இருக்கோ அவர் கையெழுத்து இனிமே செல்லாது. நேத்துதான் புது அப்டேட் வந்துச்சு. யாரோ கிடங்குல அழுது புகார் குடுத்தாங்களாம். உறவுக்காரங்க யாராவதுதான் போடணும்."

அவர் மெஷினை அம்மாவின் பக்கம் திருப்பினார். குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்மா?"

அம்மா கல்லைப் பார்த்தாள். படியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"பெத்தவ," என்றாள். "பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் லேட்டு. இதுக்கு மட்டும் எனக்கு முன்னாடியே வந்துட்டான்."