வேலை கிடைத்த செய்தியைத் திரும்பப் பெறுவது குறித்து

பேரன்பிற்குரிய அக்காவின் சமூகத்துக்குத் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படிக்கவும்.

போன வாரம், ஆறாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டதென்று போனில் கத்தினேன் அல்லவா? அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளவும். இங்கே அது நடக்காது. பால்காரர், தையல்காரர், எதிர்வீட்டு அம்மா என்று நம் அம்மா ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ராங் நம்பரில் கூப்பிட்ட ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாராம்.

நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் "வாங்க" சொல்ல வாசலில் நிறுத்தினார்கள், நான் "போங்க" என்றேன். அதனால் என் சிநேகிதன், "கண்ணாடியைக் கழட்டிட்டு கிளாஸுக்குள்ள போடா, முகமே தெரியாது, பயம் எங்கேருந்து வரும்?"னு யோசனை சொன்னான். இன்னிக்கு முதல் நாள், நானும் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, மாடியேறி, ஒரு கதவைத் திறந்து உள்ளே போனேன். மங்கலா வரிசை வரிசையா தலைகள். ஆறாம் வகுப்புக்குக் கொஞ்சம் பெரிய தலைகள்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்கன்னு நெனச்சுக்கிட்டேன். "யாரும் பேசக் கூடாது!"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். அக்கா, என் குரலா அது! கப்சிப். ஒரு தலை எழுந்து, "சார், நாங்க வந்து..."ன்னு கட்டைக் குரல்ல இழுத்துச்சு. "குரல் உடைஞ்சா பெரிய மனுஷன் ஆயிடுவியா? உட்காரு!"ன்னேன். உட்கார்ந்துச்சு. டம்ளர் நிறையத் தண்ணி எடுத்து, மேலே அட்டையை வெச்சுக் கவிழ்த்து, காத்துக்கு எவ்வளவு பலம்னு காட்டினேன். ஒரு சொட்டு விழலை. கைதட்டல்! கேள்வி கேட்டா போட்டி போட்டுப் பதில் வருது. நடுவுல வாசல்ல ஒரு உருவம். "லேட்டா வந்தா வெளியிலேயே நில்லு"ன்னேன். நின்னுச்சு. மணி அடிச்சதும், "முடிச்சுட்டீங்களா சார்? நான் உள்ளே வரலாமா?"ன்னு கேட்டுச்சு. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வாசல்ல தலைமையாசிரியை. பெஞ்சுல, கூட்டத்துக்கு வந்த பெற்றோர், முழங்காலை மடக்கிக்கிட்டு. கட்டைக் குரல்காரருக்கு நரைச்ச மீசை.

பக்கத்து ரூம்ல என் நிஜ வகுப்பு கூரையைப் பிச்சுக்கிட்டிருந்துச்சு. ஓடிப்போய் நின்னேன், கண்ணாடியோட. அத்தனை முகமும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒரு வார்த்தை வரலை. முன்பெஞ்சுப் பொண்ணு பாவப்பட்டு, "யாரைத் தேடுறீங்க அங்கிள்? உங்க பிள்ளை எந்த கிளாஸ்?"னு கேட்டா. நேரா ஆபீசுக்குப் போய் ராஜினாமா எழுதி மேஜையில வெச்சுட்டு, யார் கண்ணுலயும் படாம வீட்டுக்கு வந்துட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் நாளைக்கு நான் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், வாய்க்குள் பாட்டு வேறு. அதைக் கேட்கத்தான் முடியவில்லை. அத்தான் கடையில் மனித முகம் பார்க்காத வேலை, மூட்டை அடுக்குவது மாதிரி, ஏதாவது இருந்தால் கேட்டுச் சொல்லவும்.

அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம். உன் ஆசீர்வாதம் எனக்கு இந்த முறை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நாள் வாத்தியாராக இருந்த உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது பள்ளிக்கூடக் காவலாளி வந்தார். தலைமையாசிரியை என் ராஜினாமாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அடியில் சிவப்பு மையில், "பெற்றோருக்கே புரிந்தது, பிள்ளைகளுக்கும் புரியும். ஆனால் இதில் நான்கு எழுத்துப் பிழைகள். திருத்தி எழுதிக்கொண்டு நாளை வகுப்புக்கு வரவும். சரியாக இருந்தால் கிழித்துவிடுகிறேன்." ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து, வேலை கிடைத்த செய்தியை எல்லாரிடமும் சொல்லிக்கொள். மூணு பிழையைக் கண்டுபிடிச்சுட்டேன், நாலாவதுதான் பிடிபடலை. தபாலுக்கு நேரமில்லை, இந்த லெட்டர், ராஜினாமா ரெண்டையும் போன்ல படம் எடுத்து அனுப்பறேன், காலையில எட்டு மணிக்குள்ள பார்த்துச் சொல்லு. அம்மாவைக் கேட்கலாம்னா, எதுக்குடா ராஜினாமான்னு கேட்பாங்க.