பிளாங்க் அக்காவின் வெறும் குடுவை

காற்றைக்கூடச் சந்தேகப்பட்ட ஒரே மனுஷியை நான் வீரபாண்டியில்தான் பார்த்தேன். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். லேபில் எல்லோருக்கும் அவர் ‘பிளாங்க் அக்கா’.

சாயப்பட்டறைத் தண்ணீரையும் தோட்டத்து மண்ணையும் சோதிக்கும் சின்ன லேப் அது. மண்ணில் எவ்வளவு நைட்ரஜன் என்று பார்ப்பது அக்காவின் வேலை. மண்ணைக் கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, அமோனியாவாக வடித்து, சொட்டுச் சொட்டாக அளக்கிற பழைய முறை. கூடவே மண்ணே போடாத வெறும் குடுவை ஒன்றையும் கொதிக்கவிட வேண்டும். அதுதான் பிளாங்க். அதில் ஏதாவது காட்டினால் அது மண்ணுடையது அல்ல, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது, கழித்துவிட வேண்டும். மற்றவர்கள் ஒரு பிளாங்க் போடுவார்கள். அக்கா நாலு போடுவார். நாலும் ஒத்துப்போனால், ‘இதெப்படி ஒத்துப்போச்சு?’ என்று பயந்துபோய் ஐந்தாவது போடுவார்.

அமோனியா எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பது அவருடைய தீராத கவலை. ஜன்னலுக்கு வெளியே ஆடு நின்றால், மூத்திரவாடை வருமென்று ஜன்னலைச் சாத்துவார். சட்டைப் பையில் யூரியா பொட்டலத்தோடு வந்த உரக்கடைக்காரரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, போனில் பேசி அனுப்பினார். ஒருநாள் முதலாளி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பளபளவென்று வந்தார். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க சார். இன்னைக்கு உள்ள வர வேண்டாமுங்க.”

“ஏனுங்க்கா, இது என்ற லேபுங்க!”

“லேபு உங்களுதுதானுங்க. உங்க தலையில இருக்கற அமோனியாவும் உங்களுதுதானுங்களே.”

முதலாளி தலையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனாராம்.

பிறகு மெஷின் வந்தது. மண்ணைச் சின்னத் தகரத்தாளில் மடித்துப் போட்டால் ஆக்சிஜனில் எரித்து, சில நிமிடங்களில் நைட்ரஜனைத் திரையில் காட்டிவிடும். அதை ஓட்ட என்னை எடுத்தார்கள். இருபது மண்ணை இரண்டு முறையிலும் பார்க்கச் சொன்னார் முதலாளி. ஒத்துவந்தால் அக்காவின் அமில அறையை மூடிவிடலாம். ஒத்துவராவிட்டால் அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். எப்படி வந்தாலும் கத்தி அக்காவின் கழுத்துக்குத்தான். திங்கட்கிழமை லேபைப் பார்க்க ஆய்வுக்குழு வேறு வருகிறது.

சனிக்கிழமை முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தோம். இருபதிலும் மெஷின்தான் அதிகம். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். “அக்காவுக்கு ஒருக்கா கண்ணைச் செக் பண்ணீறலாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா, என் மெஷின் தப்பித்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய மறுநொடியே வெட்கமாகவும் இருந்தது.

அக்கா வாதாடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். மதியம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

“கண்ணு, செம்மண்ணு, கரிசல், வண்டல்னு எல்லாம் வேற வேற மண்ணு. ஆனா மெஷின்ல கூடறது, ஒண்ணைத் தவிர, எல்லாத்துலயும் ஒரே அளவா இருக்குது. அதெப்படி?”

தாளை வாங்கிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

“ஆக்சிஜன் சிலிண்டர் மாத்துனதுக்கப்பறம் பிளாங்க் போட்டியா கண்ணு?”

வழக்கமான ஆக்சிஜன் வரவில்லையென்று வியாழக்கிழமை பக்கத்துப் பட்டறையிலிருந்து வெல்டிங் சிலிண்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். அவசரத்தில் பிளாங்க் போடவில்லை. ‘போட்டேனுங்க’ என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இல்லீங்க்கா.”

வெறும் தகரத்தாளை மடித்து எரித்தோம். ஒன்றுமே காட்டக் கூடாத திரையில், பத்தொன்பது மண்ணிலும் கூடுதலாக வந்த அதே அளவு வந்து நின்றது. சிலிண்டரில் ஆக்சிஜனோடு கலந்திருந்த நைட்ரஜனைத்தான் நான் மண்ணின் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, “ஐயோ, ரிப்போர்ட்டு எதுவும் வெளிய போயிருச்சா?” என்று பதறினார். நல்லவேளை, போகவில்லை.

கோயமுத்தூரிலிருந்து நல்ல சிலிண்டர் வரவழைத்து ஞாயிறு முழுக்க இருபதையும் மறுபடி எரித்தோம். பத்தொன்பது ஒத்துவந்தன. விலகி நின்ற அந்த ஒரு மண்ணில் மட்டும் மெஷின் அப்போதும் அதிகம் காட்டியது. அக்கா உடனே சொன்னார்: “இது என்ற முறையோட குறைதான். இந்த மண்ணுல நைட்ரேட்டா இருக்கற நைட்ரஜன் ஜாஸ்தி. என்ற குடுவைக்கு அது சிக்காது.”

திங்கட்கிழமை காலை, குழு வருவதற்கு முன்பே முதலாளி இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். “அப்ப தப்பு யாரு மேலங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“சிலிண்டர் சுத்தமில்லீங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சுட்டோமுங்க. மெஷினும் குடுவையும், ஒண்ணு தப்பு விட்டா இன்னொண்ணு காட்டிக் குடுக்குதுங்க சார், ரெண்டுமே இருக்கட்டுமுங்க.”

அமில அறை மூடப்படவில்லை. என் வேலையும் போகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “அதெல்லாம் கெடக்குது. மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது? காலைல சாப்டியா இல்லையா?” என்று என்னையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அவர் அவிநாசியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்வார். ஒரு பத்து நிமிடம் தாமதமானாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.