பாடிய பெட்டி மூடி

வட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தபோது மாதா பாட்டு கொசு முனகுகிற மாதிரிதான் கேட்டது. சுவக்கீனுக்கு வியர்த்தது. மழையில் பாதை சரிந்து, வண்டிப்பெரியாரிலிருந்து வரவேண்டிய மைக்செட் வரவில்லை. மாமனார் சாவுக்குப் பாட்டே இல்லையா என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தபோது, "நான் பாத்துக்கிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன்தான்.

கையில் இருந்தது கூட்டாளி ஜோஜோ கொடுத்த சின்ன வட்டு. போனோடு இணைத்து எந்தப் பலகையில் ஒட்டினாலும் அந்தப் பலகையே ஸ்பீக்கராகிவிடுமாம்.

இன்பமேரியைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கல்யாணம் கட்டியதிலிருந்து மாமனார் அவனை இந்த வீட்டுப் படி ஏறவிட்டதில்லை. இன்றுதான் உள்ளே வந்திருக்கிறான்.

"எங்கம்மா முன்னால ஏதாச்சும் கோளாறு பண்ணீங்க, நான் உங்ககூடத் திரும்பி வரமாட்டேன்," என்று இன்பமேரி காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மாமியாரோ நேற்றிலிருந்து அழவுமில்லை, பேசவுமில்லை. பிணத்தின் தலைமாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

சவப்பெட்டியின் மூடி ஒரு பெஞ்சின்மேல் கிடந்தது. நல்ல காய்ந்த பலகை. வேறு வழியில்லாமல் அதில் ஒட்டினான். பாட்டு கணீரென்று கிளம்பியது.

"மருமகன் கெட்டிக்காரன்தான்," என்றார் யாரோ.

அப்போது போன் அடித்தது. துண்டிக்கத்தான் நினைத்தான். ஈர விரல் வழுக்கி அழைப்பை எடுத்துவிட்டது.

"என்னடா, கெழவன் ஒருவழியா போய்ச் சேந்துட்டானா?" என்றது பெட்டி மூடி.

"டேய், வைடா," என்று கிசுகிசுத்தான் சுவக்கீன்.

"ஒண்ணும் கேக்கல, இங்க மழை," என்று ஜோஜோவின் குரல் மூடியிலிருந்து தொடர்ந்தது. "உனக்குப் பாலில்லாத ஒரு கட்டங்காப்பியாச்சும் ஊத்திருப்பானா அந்த ஆளு?"

நனைந்த திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். மசியவில்லை. வட்டைப் பிய்த்தெடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துச் சுவரோடு அழுத்தினான். லயத்தின் கடைசி வீடு வரைக்கும் ஒரே தகரச் சுவர் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"பாவம்டா அந்தம்மா. கொழுந்து கிள்ளுன சம்பளத்த என்னைக்காச்சும் கண்ணால பாத்திருக்குமா? கோயில் திருநாளுக்காச்சும் விட்டிருப்பானா?" என்று லயமே முழங்கியது.

ஒப்பாரி நின்றுபோயிற்று. அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து குவிந்தார்கள். இன்பமேரியின் முகத்தைப் பார்க்கச் சுவக்கீனுக்குத் தைரியமில்லை. பெண்டாட்டியும் போனாள், திறந்த வாசலும் போயிற்று. பெட்டிக்குள் இன்னொரு ஆளுக்கு இடமிருந்தால் அப்படியே படுத்திருப்பான். அணைப்பதற்கு வட்டின் பட்டனைத் தேடினான்.

மாமியார் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"அணைக்காதீங்க மாப்ள. கல்யாணமான நாள்லேருந்து நான் வாய்க்குள்ளயே வச்சிருந்தத அந்தத் தம்பி இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சிருக்கு."