பச்சையாய்ச் சிரித்த பவழத்தாய்

கடல் மலையேறிவிட்டது. நம்பாதவர்கள் புதூர்நாட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். நெய்தல் நிலத்துக்கு உரியதெல்லாம் குறிஞ்சியின் உச்சியில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கிக் கிடந்தது: உப்பு நீர், வரிவரியாய் இரண்டு மீன்கள், நடுவே விரல்களை விரித்தாற்போல் ஒரு பவழம். அதைக் காண ஜீப்புகள் திணறத் திணற ஏறின. உள்ளே இடம் இல்லாதவர்கள் கூரையில் ஏறினார்கள்; கூரையிலும் இல்லாதவர்கள் பின்னால் தொங்கினார்கள். வரம் வாங்கப் போகிறவனுக்கு உயிர் ஒரு பொருட்டா?

தொட்டிக்கு உரியவர் பவழானந்தர். சென்ற ஆண்டுவரை ஒடுகத்தூர்ப் பேருந்து நிலையத்தில் செல்போனுக்கு உறை விற்ற ஆனந்தன்தான். உறையை மாற்றினால் பழையதும் புதியதாகும் என்னும் தத்துவத்தைத் தம் உடம்பிலேயே சோதித்து, காவி உடுத்தி, வெற்றி கண்டவர்.

முறை எளிது. கேள்வியைச் சொல்ல வேண்டும். பவழத்தாய் பச்சையாய் ஒளிர்ந்தால் சம்மதம்; சேற்று நிறமாய் மங்கினால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு: சாமை, புளி, பலா. யார் வீட்டில் என்ன விளைந்திருக்கிறது என்பது தாய்க்கு வியப்பூட்டும் அளவுக்குத் தெரிந்திருந்தது. மலைமக்கள் மோதிரத்துப் பவழத்தை அறிவார்கள். கடலுக்குள் உயிரோடு வாழும் பவழத்தை அறியார்கள். கல் நிறம் மாறுகிறதென்றால் தெய்வமன்றி வேறென்ன என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தாய்தான் ரேணுகாதேவியின் திருமணத்தை நிறுத்திவிட்டாள்.

ரேணுகா ஒடுகத்தூரில் கணினி மையம் நடத்துபவள். அவளுக்கும் புதூர்நாட்டு வெற்றிச்செல்வனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் ராணியம்மாள் போனாள்; பவழம் சேறாயிற்று; பரிகாரமாய்ப் புளி மூட்டை இறக்கியும் பச்சை திரும்பவில்லை. அவள் அழுதபடி மலையிறங்கி ரேணுகாவிடம் வந்தாள்.

"நீ வூட்டுக்குள்ள கால் வெச்சா புளியந்தோப்பே பட்டுப்போவுமாம்மா. நான் இன்னா பண்ணுவேன்? அவன் ஒருத்தன், சோறே திங்க மாட்டேன்றான்."

"தொட்டி மேல வெளக்கு இன்னா நெறத்துல எரிஞ்சிச்சு அத்தை?"

"சாமிகிட்ட போய் வெளக்கயா பாப்பாங்க?"

ரேணுகா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டிலும் ஒரு பவழத் தொட்டி இருந்தது. அதன் விளக்கில் நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று தலையைப் பிய்த்துக்கொண்டவள் அவள். நீலம் மட்டும் எரிந்தால் அதை உண்டு பச்சையாய் உமிழும் பவழங்கள் உண்டு, மரகதம் தோற்கும். ஆனால் அந்த ஒளியில் அவற்றுக்கு நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையைக் கூட்டினால் மினுக்கம் அமுங்கி உள்ளபடி பழுப்பு தெரியும். பகலில் வெள்ளை கலந்து, அந்தியில் நீலம் மிகுத்து, மெல்ல மெல்ல ஒரு சமநிலை கண்டிருந்தாள். செவ்வாய் தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுபவளும் அவளே. அதனால்தான் அம்மன் பெயரில் நடந்த இந்த வாணிகம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கொலதெய்வத்துக்கிட்ட பூ கேட்டாக்கூட, சந்தேகம்னா மறுபடி ஒருதரம் கேக்கறதுதானே அத்தை வழக்கம்? வாங்க, கேட்டுட்டு வந்துடலாம்."

வழக்கம் என்றதும் ராணியம்மாளால் மறுக்க முடியவில்லை.

பவழானந்தரின் மடத்தில் கால் வைக்க இடமில்லை. ரேணுகா தன் கேள்வியை ராணியம்மாள் காதில் மட்டும் ஓதினாள். அவள் முகம் வெளுத்தது.

"அடியே, கண்ணு போய்டும்டி!"

"போவாது. நான் சொல்றப்ப மட்டும் வாயத் தெறங்க."

"கேள் மகளே," என்றார் பவழானந்தர்.

"மனசுக்குள்ளவே கேட்டுட்டேன் சாமி. அத்தை காதுலயும் போட்டு வெச்சிருக்கேன். பதில் சொல்றது தாய்தானே? நல்ல பதிலா வந்தா எங்க நெலத்து வேர்க்கடலை மொத்தமும் இங்கதான் எறங்கும்."

முதலில் சாமியாரின் கண் ஒளிர்ந்தது. பிறகு காவித் துண்டுக்குள் அவர் கை அசைந்தது. அதன் பிறகே தாய் ஒளிர்ந்தாள், பச்சைப் பசேலென்று. "தாயே!" என்று கூட்டம் விழுந்தது.

"ஆம் என்கிறாள் அன்னை! உன் உள்ளத்தில் உள்ளது முற்றும் உண்மை!"

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குனீங்களா? அத்தை, நான் கேட்டது இன்னா? சொல்லுங்க."

ராணியம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பொய் பழகாத வாய். "'இந்தச் சாமி நம்மள ஏமாத்துறானா'ன்னு கேட்டுச்சு."

மீன்கள்கூட ஒரு கணம் நின்றாற்போலிருந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஜீப் ஓட்டுநர் அருண்ராஜின் குரல் வந்தது: "தாய் பொய் சொல்லாதுன்னு நீதானே சாமி சொன்ன?"

சிரிப்பு வெடித்தது. பவழானந்தர் பதறி எழுந்தார். துண்டுக்குள்ளிருந்து செல்போன் நழுவி ரேணுகாவின் காலடியில் விழுந்தது. செந்தமிழும் கூடவே விழுந்தது.

"ஏய், இன்னாம்மா! போனக் குடு! குடுன்றேன்ல!"

ரேணுகா எடுத்துக் கொடுத்தாள், ராணியம்மாளிடம். திரையில் தொட்டி விளக்கைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கோடுகள்: ஒன்று நீலம், ஒன்று வெள்ளை.

"வெள்ளைய மேல தள்ளுங்க அத்தை."

பவழம் சேறாயிற்று.

"கொறைங்க."

பவழம் மரகதமாயிற்று. ராணியம்மாள் மறுபடி தள்ளினாள், மறுபடி குறைத்தாள். அவள் கண்ணீர் காய்ந்து, முகத்தில் குழந்தைக் களிப்பு பரவியது.

"இன்னாடி இது! தோஷம் என் வெரல்லயே கீது!"

"இது கல்லில்ல அத்தை, உசுரு. மேல எரியற வெளக்குக்கு ஏத்தாப்ல நெறம் காட்டுது. அதுக்குப் புளியந்தோப்பும் தெரியாது, என்னையும் தெரியாது."

ராணியம்மாள் ஆனந்தனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க தோப்புப் புளி மூட்டைய இப்பவே ஜீப்புல ஏத்துடா. வர்ற வைகாசில கல்யாணம். ஊருக்கே கொழம்பு வெக்கணும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் பயபக்தியோடு எழுந்து, ரேணுகாவின் முன் கை கூப்பினார். "நீதாம்மா உண்மையான தாய். என் மாடு எப்போ சினை புடிக்கும்? ஒரு வார்த்தை சொல்லேன்."

ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடம் சரியானதுதான். தலை என்பது குனிந்து கும்பிடுவதற்கு மட்டுமென்றால், எல்லாம் வல்ல இறைவன் அதற்குள் ஒரு மூளையையும் வைத்து வீணாக்கியிருப்பானா?