ரொறன்ரோவிலிருந்து சாவகச்சேரி எத்தனை மணித்தியாலம்?

உயிரை எடுக்கும் நேரத்தை யமன் தீர்மானிக்கலாம். பிரேதத்தை எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவர் எங்கள் சாவகச்சேரியில் ஒரே ஒருவர்தான். மரண அறிவித்தல் அச்சடிக்கும் அவரை ஊர் 'மணித்தியாலம்' என்றே அழைக்கும். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமோ தெரியாது.

அச்சகச் சுவரில் நாலு மணிக்கூடுகள்: ரொறன்ரோ, லண்டன், சூரிச், மெல்பேர்ண். உள்ளூர் நேரம் காட்ட ஒன்றுமில்லை. யார் செத்தாலும் அவருடைய முதல் கேள்வி, "பிள்ளை எங்கையிருந்து வருது?" என்பதுதான். பதில் கிடைக்காமல் கணினியைத் தொடமாட்டார். இத்தனைக்கும் மனுசன் விமானத்தில் ஏறியதே இல்லை.

நானோ முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். அம்மா மோசம்போனபோது, அவரைப் பதினொரு வருடமாகக் காணாத என் அண்ணை ரொறன்ரோவில் திங்கள் இரவு ஒன்பது மணிக்கு விமானம் ஏறுவதாகச் சொன்னார். "நான் வாறதுக்குள்ளை எடுத்துப்போடாதையடா" என்று தொலைபேசியில் அழுதார். நான் அழவில்லை; கணக்குப் போட்டேன். பதினாலாயிரம் கிலோமீற்றரைத் தொள்ளாயிரத்தால் வகுத்தால் பதினாறு மணித்தியாலம். செவ்வாய் மத்தியானம் கட்டுநாயக்கா விமான நிலையம், இரவு வீடு. புதன் காலை பத்து மணிக்கு எடுக்கலாம்.

"மாஸ்ரர், ஒன்பது எண்டது அங்கத்தை ஒன்பதோ, இங்கத்தை ஒன்பதோ?" என்று, அண்ணையின் பயண விபரத்தோடு அச்சகத்துக்குப் போன என்னிடம் கேட்டார் மணித்தியாலம்.

"ஒன்பது எங்கையும் ஒன்பதுதான். நீர் எனக்குப் பூமிசாத்திரம் படிப்பிக்கிறீரோ?"

"பிளேன் மாறுற இடத்திலை காத்துக்கிடக்கவேணும். பிறகு கட்டுநாயக்காவிலை சாமான் பெட்டி வரவேணும். வான்காரன் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வரமாட்டான். பிளேன் பறக்கிறது வேறை மாஸ்ரர், பிள்ளை வந்து சேருறது வேறை."

"பத்து மணியெண்டு அடியும்!" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் சந்தையடி முழுக்கச் சுவரொட்டிகளில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, பிற்பகல் மூன்று மணி. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அச்சகமே அதிரக் கத்தினேன். அவர் அசையவில்லை.

"ஐயரோடையும் கதைச்சிட்டன் மாஸ்ரர். நீங்கள் போய்ப் பந்தல் அலுவலைப் பாருங்கோ."

செவ்வாய் இரவு முழுக்கப் பார்த்திருந்தும் அண்ணை வரவில்லை; புதன் காலை பத்து மணிக்குத்தான் அவருடைய அழைப்பு வந்தது. "தம்பி, இன்னும் வவுனியாவே வரேல்லையடா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடுங்கோட்டுக்கு நெடுங்கோடு நேரம் மாறும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்த நான், ரொறன்ரோவின் இரவு ஒன்பது எங்களுக்கு மறுநாள் விடியல் என்பதை மறந்தே போனேன்.

இரண்டேகாலுக்கு வான் வந்தது. அண்ணை சப்பாத்தோடு ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அழுது ஓய்ந்ததும் என் கையைப் பிடித்தார்.

"சரியாக் கணக்குப் பாத்து நேரம் வைச்சிருக்கிறாய் தம்பி. இல்லாட்டி நான் அம்மாவைக் கண்டிருக்கமாட்டன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற மணித்தியாலம் முந்திக்கொண்டார்.

"மாஸ்ரரின்ரை கணக்குப் பிழைக்குமோ?"

அதற்குப் பிறகுதான் நான் விக்கி விக்கி அழுதேன். அம்மாவுக்காக என்று ஊர் நினைத்தது. பாதி அழுகை அந்த மனுசனுக்கு.