செக்கர் எழுதிக்கொடுத்த நற்சான்று

மொரீஷியஸ் தீவில் எமனிடமே டிக்கெட் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். எருமையை ஓரங்கட்டச் சொல்லி, எங்கே ஏறினாய், எங்கே இறங்கவேண்டும் என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் சாகக் கிடந்தவர் பிழைத்து எழுந்து கஞ்சி கேட்பார். எங்கள் ஊரான சேன் பியேரில் எல்லோருக்கும் அவர் செக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் பஸ் கம்பெனிக்குத் தெரிந்திருக்கலாம்.

போர்ட் லூயிஸ் போகும் வழியில், கரும்புக்கு நடுவே ஏதாவதொரு வளைவில் காக்கிச் சட்டையோடு முளைத்துக் கைகாட்டுவார். டிக்கெட் வைத்திருப்பவர்களே இன்னொரு தடவை பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நிறுத்தம் கூடுதலாகப் போனதற்காகச் சொந்த மனைவியை இறக்கிவிட்ட மனிதர். அந்த அம்மாள் வெயிலில் நடந்து வீடு வந்து, அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அவள் கோபம் நியாயம், ஆனால் டிக்கெட் நியாயம் வேறு என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தாராம்.

வேலை நேரம் முடிந்தாலும் வேலை அவரை விடாது. கல்யாணத்தில் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தி உட்கார்ந்தால், இலை இலையாக வந்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்பார். ஒரு தடவை மாப்பிள்ளையையே கேட்டார். பாவம், அவன் எழுந்து நின்று மாப்பிள்ளை வீடு என்றான்.

இப்பேர்ப்பட்டவரிடம் எங்கள் அண்ணனின் எதிர்காலம் போய் மாட்டிக்கொண்டது.

மொரீஷியஸ் சுதந்திரத்துக்குச் சில வருஷம் முன்பு, காமர்ஸ் படிக்க இந்தியாவுக்குக் கப்பலேறினான் அண்ணன். கோயிலில் பூஜை, கழுத்து கொள்ளாமல் மாலை. கரும்புத் தோட்ட ஆபீஸில் எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை உட்காராத கணக்கர் நாற்காலி ஒன்று உண்டு. காமர்ஸ் பட்டத்தோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா மனசுக்குள் அந்த நாற்காலியைத் தினமும் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. எல்லோருக்கும் பொதுவான முதல் வருஷப் படிப்பில் பாஸ். ஆனால் காமர்ஸுக்குள் நுழைய இனிமேல்தான் விண்ணப்பம் போடவேண்டும். ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், இடம் நாற்பது. கிடைக்காதவர்கள் சரித்திரமோ வேறெதுவோ படிக்கலாம். உறவுக்காரரல்லாத, பொறுப்பான ஊர்க்காரர் ஒருவரின் நற்சான்று உடனே வேண்டும்.

நான் நாலு தடவை படித்துக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே கொஞ்சம் குறைவாகப் புரிந்தது.

"உள்ள போனவனை எதுக்குடா மறுபடி வாசல்ல நிறுத்துறாங்க?" என்றார் அப்பா. "என்ன தப்பு செஞ்சான்?"

அம்மா, "கோயில்ல தாலி கட்டினா பத்தாது, சர்க்கார் சிவில் ஆபீஸ்லயும் போய் எழுதணும்னு சொல்றாங்களே, அந்த மாதிரியா?" என்றாள். அதைக் கேட்டு அப்பாவுக்கு இன்னும் குழம்பிவிட்டது. அவர்கள் கல்யாணம் இன்னும் சிவிலில் எழுதப்படாத கல்யாணம்.

தெருவோடு போன செக்கர் கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஊரிலேயே குழப்பமில்லாத முகம் அது ஒன்றுதான். "ஏறினது பெரிசில்ல. நடுவழியில செக்கிங் உண்டு. நல்ல யூனிவர்சிட்டிதான்" என்றார்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் விடுமுறையில் வெளிநாடு போயிருந்த நேரம். வேறு வழியில்லாமல் அப்பா செக்கரிடமே நற்சான்று கேட்டார். மூன்று நாள் கழித்து வந்தது. கம்பெனி ரிப்போர்ட் எழுதும் அதே ஆங்கிலம். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் வெளிறியது:

"மேற்படி நபர் பன்னிரண்டு வயதில் சேன் பியேரில் ஏறி, மோக்கா வரைக்கும் டிக்கெட் எடுத்து, மோக்காவுக்கு அப்பால் பிடிபட்டார். மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாகக் காரணம் சொன்னார். நம்பும்படி இல்லை. இறக்கிவிடப்பட்டார். மறுநாள் அதே வளைவில் எனக்காகக் காத்திருந்து, விட்டுப்போன தூரத்துக்கு டிக்கெட் கேட்டார். அதன்பின் ஏழு வருஷம் சோதித்ததில் குற்றம் இல்லை."

"அண்ணே, நல்ல பையன்னு ஒரு வரி சேர்த்துடுங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"நல்ல பையனா? அதை நான் செக் பண்ணலியே."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். பார்க்காததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பஸ்ஸை நிறுத்துவேன் என்றார். கெடுவுக்குள் போய்ச் சேர அன்றைய விமானத் தபால்தான் கடைசி. வேறு ஆளைத் தேட நேரமில்லை. அம்மாதான் முடிவு சொன்னாள். இதில் பொய் எதுவும் இல்லை, அனுப்பு என்றாள். நான் கோந்து தடவி ஒட்டினேன்.

அப்புறம் வாரக்கணக்கில் மௌனம். அப்பா செக்கரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். ஒருநாள் தந்தி வந்தது. காமர்ஸில் இடம் கிடைத்துவிட்டது.

பின்னாலேயே வந்த கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தான். நேர்காணலில் இருந்த பேராசிரியர்கள் மூவரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: "பஸ்ஸில் போட்ட அந்தக் கணக்கு என்ன?" மறந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம், போகச் சொன்னார்களாம். செக்கரின் காகிதத்தால் இடம் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

தந்தியைச் செக்கரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், "சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பதில் போட போர்ட் லூயிஸ் தபாலாபீஸ் போனேன். கவுண்டரில் இருந்தவர் உறையின் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு, "செக்கர் மகனுக்கு இடம் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். இத்தனை வாரமும் செக்கர் தினம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்து நிற்பாராம். இந்தப் பெயரையும் இந்தியாவில் காமர்ஸ் இடத்துக்குக் காத்திருப்பதையும் சொல்லி, கிரியோலில் ஒரே கேள்விதானாம்: "மோ கார்சோன் சோ லெத் ஃபின் வினி?" என் பிள்ளையோட கடுதாசி வந்துடுச்சா.

கிடைத்துவிட்டது என்றேன். யார் மகன் என்பதை நான் திருத்தவில்லை.