மழுங்காத கத்தி வழங்கும் திட்டம்

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அடுத்தபடியாகப் பெரம்பலூர் மாவட்டத்தில் அசைக்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால், அது 2003இல் எங்கள் அரசு அலுவலகம் வழங்கிய டைட்டானியம் பூச்சுக் கத்திதான். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியாகிய நான் அங்கே 'தொழில்நுட்ப உதவியாளர்'. பி.எஸ்சி. இயற்பியல் படித்திருந்ததால், கத்திகளைத் துடைத்து அடுக்கும் பொறுப்பு எனக்கு.

சின்ன வெங்காயத்தின் காய்ந்த தண்டான தாளை அறுக்கும் பெண்களுக்கு இலவசக் கத்தி! தங்கம்போல் மின்னும், துருப்பிடிக்காது, மழுங்கவே மழுங்காது. பழைய கத்தியை ஒப்படைத்தால் போதும். ஒப்படைத்தார்கள். அவை 'அபாயகரமான பொருட்கள்' என்று எங்கள் கிடங்கில் பூட்டப்பட்டன.

மறுநாளே, தாள் அறுக்கும் தனம் அக்கா வந்துவிட்டார்.

"சார், இது அறுக்க மாட்டேங்குது."

திட்ட அலுவலர் நல்லதம்பி கத்தியை முகத்துக்கு நேரே பிடித்து, அதில் மீசையைச் சரிசெய்துகொண்டார். "எப்படிம்மா அறுக்கும்? பூச்சு முதல் கட்டம். கூர் தீட்டுறது ரெண்டாங்கட்டம். அதுக்கு நிதி அடுத்த வருஷம்தான் வரும்."

"அப்ப நானே சாணை புடிச்சுக்கிறேங்க."

"ஐயையோ, பூச்சு போயிடும்! அரசாங்கச் சொத்தும்மா." பதறிப்போனார். "கையில பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. எவ்வளவு பாதுகாப்பு பாருங்க!"

"கையை வுடுங்க, வெங்காயத்துக்கே ஒரு காயமும் படலைங்க. காலையிலேருந்து வெரலால பிச்சுக்கிட்டுக் கெடக்கோம். நாளைக்கும் இப்படின்னா வேற ஆள் வெச்சுக்கிறேன்னுட்டாரு யாவாரி. என் கத்தியக் குடுத்துடுங்க சார்."

"திருப்பிக் கொடுக்க விதியில இடமில்லம்மா."

தனம் அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ படிச்ச புள்ளதானே? ஒண்ணுஞ் சொல்ல மாட்டியா?"

என் அம்மா இவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அறுத்த கூலியில்தான் நான் படித்தேன். மேசையில் கிடங்குச் சாவி இருந்தது. சார் டீ குடிக்கப் போன நேரத்தில் திறந்துவிட்டேன். சேதி பரவி எல்லாப் பெண்களும் வந்தார்கள். பிடியைப் பார்த்தே அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

திட்டம் அந்த ஆண்டே விருது பெற்றது. 'வழங்கிய கத்திகளில் ஒன்றுகூட மழுங்கவில்லை' என்பது பாராட்டுரை. உண்மைதான்; கூர் இருந்தால்தானே மழுங்க? நல்லதம்பி சாருக்கு மாலை. எனக்கு வேலைநீக்க உத்தரவு: 'பெண்களிடம் கூரான ஆயுதங்களைக் கொடுத்த குற்றம்.'

ஏழைகள் கையில் கத்தி இருப்பதில் அரசாங்கத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அது அறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.